இங்கிலாந்துச் சூரியன் மேல் ஒரு புகார்

இங்கிலாந்தில் இருக்கிற சூரியன் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. அதை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. கலெக்டர் துரையிடம் கொடுக்கலாம் என்றால் அவரும் அந்த ஊர்க்காரர். தம் ஊர்ப் பொருளை விட்டுக்கொடுக்க மாட்டார். கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், "எதிராளிக்குச் சம்மன் அனுப்ப விலாசம் வேண்டுமே" என்கிறார். விலாசம் தெரிந்திருந்தால் நான் ஏன் ஐயா குளிரில் மலையேறி அவனைத் தேடினேன்? ஆகவே புகாரை வாசகர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பும் கையுமாகச் சொல்லிக் கொடுத்தார். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அதன் சூட்சுமம் விளங்கிற்று. உதித்தால்தானே அஸ்தமிப்பதற்கு!

நான் கப்பலேறியது சூரியனைப் பார்க்க அல்ல, நூல் மில் யந்திரம் பார்க்க. கருமத்தம்பட்டியில் எனக்குப் பருத்தியில் கொட்டையை நீக்கிப் பஞ்சு அரைக்கிற பாக்டரி ஒன்று உண்டு. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தாலும் வந்தது, எங்கள் பக்கத்தில் நாலு ஏக்கர் பருத்தி போட்டவனுக்கெல்லாம் நூல் மில் ஆசை பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது. லங்காஷயரில் மூடிக்கிடக்கும் மில்களின் யந்திரங்களை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சூலூரில் இருக்கும் என் அக்காவின் புருஷர் பொன்னுசாமி மச்சானையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், யந்திரம் தெரியாது. அவருக்கு யந்திரம் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினால் ஒரு முழு மனுஷன் போன மாதிரி இருக்கும் என்று அக்கா செல்லம்மாள்தான் தீர்மானித்தாள்.

மச்சானோடு கூட இன்னொரு சரக்கும் கப்பலேறிற்று. அது ஒரு நேர்த்திக்கடன்.

அந்த வருஷம் சித்திரையில் மச்சானின் மகள் பாப்பாத்திக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு வயசுக் குழந்தை. முத்து கண்ணில் இறங்கிவிட்டது, பார்வை தங்குவது கஷ்டம் என்றார்கள். அக்கா வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு மாரியம்மன் முன்னால் நின்று உரக்கவே வேண்டிக்கொண்டாள்: "ஆத்தா, என்ற புள்ள கண்ணத் தொறந்து பொழுதப் பாத்துச்சுன்னா, என்ற ஊட்டுக்காரரு ஒரு வருசத்துக்கு அன்னாடம் பொழுதக் கண்ணால பாத்துக் கும்புட்டுப்போட்டுத்தான் வாயில சோறு வெப்பாரு!"

எங்கள் பக்கத்தில் சூரியனைப் பொழுது என்றுதான் சொல்வோம். குழந்தை கண்ணைத் திறந்தாள். பொழுதையும் பார்த்தாள், என் மூக்கின் மேலுள்ள மருவையும் பார்த்து, "மாமனுக்கு மூக்குல ஈ உக்காந்திருக்குது" என்றாள். பார்வை பழுதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

வேண்டிக்கொண்டவள் அக்கா, நிறைவேற்ற வேண்டியவர் மச்சான். எங்கள் பக்கத்தில் இது சகஜம். பெண்டுகள் வேண்டிக்கொள்வார்கள், ஆண்களின் தலை மொட்டையாகும். யாரும் ஆட்சேபிப்பதில்லை, ஆட்சேபித்தால் ராத்திரிச் சோறு யார் போடுவது? இந்த நேர்த்தியில் மொட்டைகூட இல்லை. காவடி இல்லை, செலவில்லை. "செல்லம்மா கெட்டிக்காரி. நம்மூர்ல பொழுது எங்க போயிரும்?" என்று சொந்தமெல்லாம் சிரித்தது. ஆடியானாலும் மார்கழியானாலும் அரை மணி முன்னே பின்னே வந்து நிற்கிற பொழுது அது. பால்காரன்கூட ஒரு நாள் வராமல் இருப்பான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். இங்கிலாந்தில் கார்த்திகை மார்கழியில் என்ன நடக்கும் என்று இங்கிலீஷ் தெரிந்த நானாவது யோசித்திருக்க வேண்டாமோ? புஸ்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். பரீட்சைக்காகப் படித்ததை நிஜம் என்று யார் நம்புகிறார்கள்!

கப்பலில் கஷ்டமில்லை. கடல் மேல் வேண்டிய மட்டும் சூரியன். லண்டனிலும், பெண் பார்க்க வந்த வீட்டில் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற பெண்ணைப்போல, புகைக்கூண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் தலைகாட்டிற்று. மச்சான் நடுத்தெருவில் நின்று கும்பிட்டார். ஒரு போலீஸ்காரர், தமக்குத்தான் கும்பிடு என்று நினைத்துப் பதிலுக்குச் சலாம் வைத்தார்.

மில் ஊருக்கு வந்து கிளெக் என்பவர் வீட்டில் குடியேறினோம். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் நாள் காலையில் கண் விழித்தேன். இருட்டு. தூங்கினேன். மறுபடி விழித்தேன். இருட்டு. மூன்றாம் தடவை வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "எட்டரை ஆகிறது, சாப்பாடு ஆறுகிறது" என்றாள். ஜன்னல் திரையை விலக்கினேன். அதே இருட்டு. "அம்மா, இந்த எட்டரை ராத்திரியா, பகலா?" என்று கேட்டேன். வாடகையை முன்பணமாக வாங்கியது நல்லதாயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு வெளியே ஒரு மாதிரிச் சாம்பல் வெளிச்சம் வந்தது. மச்சான் குளித்துத் திருநீறு பூசி, கோட்டின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். வானத்தில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மச்சான், அந்த வெளுப்பா இருக்குதுங்களே, அதுதானுங்க பொழுது. கும்புட்டுப்போட்டு உள்ள வாங்க."

"அது பொழுது இருக்கற எடம், மாப்ளே. பொழுது இல்ல. உன்ற ஊட்டக் காட்டி இதுதான் எங்க மாப்ளேன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

தர்க்கத்தில் மச்சானை ஜெயிக்க முடியாது. டீ குடித்தால் நேர்த்தி கெடுமா என்றும் ஒரு விவாதம் நடந்தது. அது வெறும் தண்ணீர்தான் என்றேன் நான். பால் ஊற்றியிருக்கிறதே என்றார் அவர். பால் இல்லாத டீ தண்ணீர்தான் என்று கடைசியில் சமாதானம் ஆயிற்று. அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலிலேயே நின்றார். மூன்றரை மணிக்கு விளக்கேற்றுகிறவன் கம்போடு வந்துவிட்டான். காலையில் விளக்கை அணைத்துக்கொண்டே தெருக்கோடிக்குப் போனவன், திரும்பும்போது ஏற்றிக்கொண்டே வருகிறான்! நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட அவனுக்கு நேரம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பத்து மணிக்கு மேல் வந்து மூன்று மணிக்கெல்லாம் கிளம்புகிற விருந்தாளியை எங்கள் பக்கத்தில் மறு தடவை கூப்பிட மாட்டோம். இவர்கள் என்னடாவென்றால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மறு நாள் மில்லுக்குப் போக டிராமில் ஏறினோம். மூடுபனியில் கண்டக்டர் இறங்கி, கையில் விளக்கோடு வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு வழி தெரியும் என்று நம்பி டிராம் அவர் பின்னாலேயே போயிற்று. எங்கள் இறங்குமிடம் எப்போதோ போய்விட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் பொறுக்க முடியாமல், "ஏன் ஐயா, உங்கள் ஊரில் சூரியனே கிடையாதா?" என்று கேட்டேன்.

அவருக்கு அடுத்தவர் கேட்டார்: "என்ன வேண்டுமாம் அவருக்கு?"

"சூரியன் எங்கே என்கிறார்."

"கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வண்டி நிறைய ஜனங்கள், இழவு வீட்டுக்குப் போகிறவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் கிளெக் இன்னும் மோசம். பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதால் வீட்டில் இருந்தவர். கணப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நெருப்பைப் பார்ப்பார். நான் குட்மார்னிங் சொன்னால் தொண்டைக்குள் ஏதோ உருளும், அவ்வளவுதான். எங்களைப் பிடிக்கவில்லையோ என்று நான் கொதித்தேன். அம்மாள் சமாதானம் சொன்னாள்: "அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். நவம்பரில் பேச்சுக் கடையை மூடிவிடுவார். ஈஸ்டருக்குத்தான் திறப்பார். ஜூன் மாதம் வந்து பாருங்கள். ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். தோட்டத்தில் கொத்திக்கொண்டே பாடுவார். தெருவே ஜன்னலைச் சாத்தும்."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள். ஒரு மனுஷனின் சுபாவத்தைப் பஞ்சாங்கம் பார்த்தா கொடுப்பது? என் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். சித்திரையிலும் எரிந்து விழுவார், தையிலும் எரிந்து விழுவார். அவரை நம்பி ஒரு காரியம் செய்யலாம். கோடையில் பாடி மழைக்கு ஊமையாகிற புருஷனுக்கு எந்த மாதத்தில் பெண் கொடுப்பது?

இப்படியெல்லாம் நியாயம் பேசினேனே தவிர, என் கதை என்ன? இழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அந்த மில் ஊரில் ஒரு வாரம் இருப்பதற்குள், சீப்பை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று மச்சானோடு சண்டை போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம். ராத்திரி சாப்பாட்டு மேஜையில், வேகவைத்த முட்டைக்கோஸைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. முட்டைக்கோஸ் அழ வேண்டிய பதார்த்தம்தான், ஆனாலும் நாலு பேர் முன்னால் அழுவதா?

நடுவில் ஒரு நாள் மத்தியானம் புகைக்குள்ளே தேய்ந்த செப்புத் தட்டு மாதிரி ஒன்று தெரிந்தது. மச்சான் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிக் கும்பிட்டுவிட்டு வந்து, ஒரு முழு ரொட்டியை நாங்கள் கொண்டுபோயிருந்த ஊறுகாயோடு தீர்த்தார். அதற்குப் பிறகு பழைய கதை. நல்ல உடம்புதான், ஆனால் கண்ணுக்கு முன்னால் கரைந்தது. மில்லில் வரிசையாக நின்ற யந்திரங்களைப் பார்த்து, "இதும் வேண்டாம், அதும் வேண்டாம்" என்றார். "நம்முளுக்கெதுக்கு மாப்ளே மில்லு? மனுசன் எத்தன நாளைக்கு இருக்கப்போறான்?" என்றார். இருட்டில் அவருக்குத் துருதான் தெரிந்தது. ஊரில் எங்களை நம்பிப் பங்கு போட்டவர்கள் தந்தியை எதிர்பார்த்திருந்தார்கள்.

"போதும் மச்சான், சாப்புடுங்க. ஆத்தாளுக்கு இந்த ஊரு சங்கதி தெரியாதுங்களா? ஒண்ணுஞ் சொல்லமாட்டா" என்றேன்.

மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ள கண்ணு, மாப்ளே. நாம் பாட்டுக்குத் தின்னுபோட்டு, அங்க அது கண்ணுல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? நீயா வந்து பதில் சொல்லுவே?"

அவர் முன்னால் தள்ளிய தட்டை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். 

மறு நாள் மாடிப்படியில் இறங்கும்போது மச்சான் கைப்பிடியைத் தவறவிட்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. அம்மாள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தாள். அதுவரை அடக்கிவைத்திருந்ததை என் மேல் கொட்டினாள்: "நான் போடுவது அவ்வளவு கேவலமாக இருக்கிறதா? தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறாரே. இந்தத் தெருவில் யாரும் என் சமையலை இப்படி அவமானப்படுத்தியதில்லை!"

வேறு வழியில்லாமல் அம்மை, குழந்தையின் கண், அக்கா, வேண்டுதல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்குச் சண்டை போடக் கச்சை கட்டிக்கொண்டும் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. "எத்தனை வயசுக் குழந்தை?" என்று மட்டும் கேட்டாள்.

கணப்புப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கிளெக்! "மேலே இருக்கும்" என்றார்.

"எது?" என்றாள் அம்மாள்.

"சூரியன். இந்தப் பனி கீழேதான். மலைக்கு மேலே ஏறிவிட்டால் இருக்கும்." எழுந்து ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துக்கொண்டார். "நம் ஊருக்கு வந்த மனுஷனைப் பட்டினி போடக் கூடாது."

அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கை ஒரு பாத்திரத்தில் போட்டுக் கட்டிக்கொடுத்தாள். நான் பருப்புப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

பஸ் எங்களை ஏதோ ஓர் ஊரில் இறக்கிவிட்டது. போக வேண்டியது வேறு ஊர் என்று கிளெக் சொன்னார். இந்தப் பனியில் எல்லா ஊரும் ஒன்றுதான் என்று கண்டக்டர் சொன்னார். கூடுதலாக ஒரு மைல் நடந்து மலையடிவாரம் சேர்ந்தோம். கால்சட்டைக்குள்ளே வேட்டியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் அந்தத் தேசத்தில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டார்கள். குளிருக்காக நான் செய்த ஏற்பாடு அது. பாதி வழியில் வேட்டி அவிழ்ந்து ஒரு கால் வழியாக வெளியே வந்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டே, சூரியனையும் கிளெக்கையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு ஏறினேன். கிளெக் மச்சானின் தோளில் கை போட்டுத் தாங்கிக்கொண்டு முன்னால் போனார்.

திடீரென்று பனி தீர்ந்துபோயிற்று. தலைக்கு மேலே நீல வானம். காலுக்குக் கீழே, என் பாக்டரியில் அரைத்துக் குவித்த பஞ்சு மாதிரி, கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. அந்தப் பஞ்சுக்கு மேலே சாட்சாத் சூரியன்!

என் கோபம் அப்போதும் அடங்கவில்லை. மணி பன்னிரண்டு. நம் ஊரில் காலை ஏழரை மணிக்கு இருக்கிற உயரத்தில் நிற்கிறான்! உச்சி வேளையில் தென்னைமர உயரம்! வெயிலில் சூடு என்று பெயருக்குக்கூட இல்லை. இவனை வைத்துக்கொண்டு ஒரு முறம் மிளகாய் காயவைக்க முடியுமா?

மச்சான் ஈரப் புதரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. கிளெக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அது மச்சானுக்கு மரியாதையா, சூரியனுக்கு மரியாதையா என்று நான் கேட்கவில்லை. அவரும் கண்ணை மூடி, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி நின்றார்.

மூன்று பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பருப்புப்பொடியில் தோய்த்துத் தின்றோம். மச்சான் கண்ணில் நீர் வழிந்தது. "பொடி காரம்" என்றார். கிளெக்குக்கு நிஜமாகவே காரம், இருமித் தீர்த்தார். இருமல் நின்றதும் பாட ஆரம்பித்தார். அவர் சம்சாரம் சொன்னது சரிதான். தெரு இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்தியிருக்கும்.

அதற்குப் பிறகு வெயில் தெரியாத நாட்களில் கிளெக்கே எங்களை எழுப்பி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "டிசம்பரிலேயே கடையைத் திறந்துவிட்டாரே, அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று அம்மாள் கேட்டாள். வயிறு நிறைந்த மச்சானுக்குத் துருவுக்கு அடியில் இருந்த இரும்பும் தெரிந்தது. யந்திரங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றினோம்.

மாசி மாதம் கோயமுத்தூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து பாப்பாத்தியின் குரல் கூவிற்று: "அதா பாரு அப்பா! பெரிய கோட்டுக்குள்ள!" அத்தனை கூட்டத்தில் கோட்டுக்குள் ஒளிந்திருந்த மச்சானைக் கண்டுபிடித்த கண்கள் அவை. மச்சான் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். என் கால் மேல் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சூலூரில் அரிசியும்பருப்புஞ்சோறு. நெய் மணக்க அக்கா பரிமாற, மச்சான் பட்டினிப் புராணத்தை எடுத்து விட்டார். அவர் வாயில் மலை வெள்ளியங்கிரி உயரத்துக்கு வளர்ந்தது. அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏனுங்க, நீங்க எதுக்குங்க பட்டினி கெடந்தீங்க?"

"எதுக்கா? வேண்டிக்கிட்டது ஆரு?"

"நீங்க கெளம்புன அன்னிக்கே கோயில்ல போயிச் சொல்லிப்போட்டனே. அவரு போற ஊரு எப்பிடியோ என்னமோ, திரும்பி வர்ற வரைக்கும் அவருக்குப் பதுலா நாம் பாத்துக்கறேன் ஆத்தான்னு. அன்னாடம் பொழுதப் பாத்துக் கும்புட்டுப்போட்டுத்தான் நானுஞ் சோறு தின்னேன்."

நான் துள்ளி எழுந்தேன். பட்டினி கிடந்தவர் மச்சான். ஆனால் முட்டைக்கோஸைப் பார்த்து அழுதவன் நான் அல்லவா? "அக்கா! இத ஒரு வார்த்த கிளம்பறப்பச் சொல்லியிருக்கக் கூடாதா? வேட்டி அவுந்து மலையேறுனனே!"

"சொன்னா இவரு ஒத்துக்குவாரா? என்ற நேர்த்திய நீயெப்பிடிச் செய்வேன்னு சண்டைக்கு வருவாரு. குந்து கண்ணு, சோறு ஆறுது."

"உனக்கென்ன அக்கா, நம்மூர்ல பொழுது நாணயமானது. வாசல்ல நின்னா வந்துருது. அங்க வந்து பாத்திருந்தாத் தெரியும்!"

அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அதென்ன, இங்கயுந்தான் கார்த்திகைல அடமழ புடிச்சுது. ரண்டு நாளு பொழுது மொகத்தையே காட்டுல. ரண்டு நாளும் பச்சத்தண்ணிதான். மூணா நாளு சாயங்காலந்தாஞ் சித்தெ எட்டிப் பாத்துச்சு."

 உலகமெல்லாம் சுற்றி நம் ஊர்ச் சூரியனுக்கு நான் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் என் கண் முன்னாலேயே கிழிந்தது. நம் ஊர்க்காரனும் அப்படித்தானா!

மச்சான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "ரண்டு நாளுமா?"

"ஆமாங்க."

"இந்தக் கொழந்தையும் வெச்சுக்கிட்டு?"

"அதுக்கு வேற பதுலு ஆளு எங்கீங்க போறது?"

மச்சான் பக்கத்தில் கிடந்த பலகையைக் காலால் தள்ளினார். "நீயும் ஒக்காரு. சேந்தே சாப்புடலாம்."

"நல்லாருக்குது! தம்பி சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒக்காரு."

நான் சிரிக்கவில்லை. நெய்ச் செம்பை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நேர்த்தி முடிய இன்னும் நாள் பாக்கி இருந்தது. மறு நாள் காலை மச்சானும் அக்காவும் பாப்பாத்தியும் வாசலில் கிழக்கே பார்த்து நின்றார்கள். கிழக்கு வீட்டு வளவுப் பனைகளுக்கு நடுவே, ஒன்றும் தெரியாதவனைப்போல, சிவப்பாக அவன் வந்தான்.

"தம்பி, நீயும் வந்து கும்புடு" என்று அக்கா கூப்பிட்டாள்.

"அவனோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளரோடு வேண்டுமென்றே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் முதுகில் மெல்ல வந்து விழுந்து ஏற ஆரம்பித்தது. எழுந்து நிழலுக்கு நகர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

காப்பி தீர்ந்த பிறகும் நகரவில்லை.